எல்லார்க்கும் உரிய ஏடு எவர் வீட்டில் இருப்பது?

சென்ற மார்கழி விடுமுறையில் ஒரு நாள் மாலை, எம்மிடம் முன்னர் கற்று, இப்பொழுது பல்கலைக்கழகத்திலே கணினி விஞ்ஞானம் பயிலும் மாணவர் இருவரும் மாணவி ஒருத்தியும் எமது இல்லத்துக்கு வந்திருந்தனர். தமிழில் எழுதுவோர் விடும் எழுத்துப் பிழைகளைச் சுட்டிக் காட்டும் மென்பொருள் ஒன்றினை, கூலி கருதாது தொண்டாகவே செய்யத் தொடங்கியிருக்கின்றனர். சொற்பட்டியல் தொகுக்கும் வேலைக்கு எம்மையும் இழுக்கவே வந்தனர் போலும் என நாம் எண்ணினோம். வந்த காரியம் அதுவன்று. அவர்களுக்குள் ஒரு வழக்கு மூண்டிருந்தது.

“சேர், கோப்புகளை எங்கே வைப்பதென்று எங்களுக்குள் ஒத்துவரவில்லை. நீங்கள்தான் தீர்த்துச் சொல்ல வேண்டும்” என்றான் மூத்தவன்.

எமக்கு முதலிலே நகைப்புத்தான் வந்தது. வேலை முடியுமுன்னே பெட்டகத்துக்குச் சண்டையா? ஆயினும் அந்நகைப்பு நெடுநேரம் நிற்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எமது கல்லூரி மாணவர் பன்னிருவர் கூடி, பழைய விஞ்ஞானக் கலைச்சொற் பட்டியல்களைப் பார்த்து ஏறத்தாழ நாலாயிரம் சொற்களைக் கணினியில் ஏற்றினர். பள்ளி விட்ட பின் மாலை ஆறு மணி வரை இருந்து செய்த வேலை அது. கோப்புகளை இணையத்தில் இலவசமாக இடங்கொடுத்த ஓரிடத்திலே, தம்முள் ஒருவனுடைய பெயரில் வைத்தனர். அவன் பின்னர் கனடா சென்றான். இடங்கொடுத்தோர் கடையை மூடப்போவதாக அனுப்பிய அறிவித்தல்கள், அவன் திறந்து பாராத பழைய மின்னஞ்சல் முகவரிக்கே போய்ச் சேர்ந்தன. விடயம் எமக்குத் தெரியவந்தபோது அங்கே ஒன்றும் இல்லை. எஞ்சியது, பிழை பார்ப்பதற்காக நாம் தாளில் அச்சிட்டு எடுத்து வைத்திருந்த ககர வரிசை மாத்திரமே. அதனை எமது மேசை இலாச்சியில் இன்றும் வைத்திருக்கின்றோம்.

ஆகவே அன்று அம்மூவருக்கும் நாம் தீர்ப்புக் கூறவில்லை. ஒரு கிழமை தவணை கேட்டோம். உலகின் பிற பாகங்களில் இத்தகைய தொண்டு முயற்சிகளில் ஈடுபட்டோர் இவ்வினாவுக்கு எவ்வாறு விடை கண்டனர் என்பதை அக்கிழமை முழுதும் வாசித்தோம். வாசித்தவை கதைபோற் சுவையாயிருந்தமையின் அவற்றுட் சிலவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

லினக்ஸ் என்னும் பெயரைக் கேளாத கணினி மாணவர் இன்று இலர். பின்லாந்து தேசத்து ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லைனஸ் தோர்வால்ட்ஸ் என்பவர் 1991 ஆம் ஆண்டிலே எழுதத் தொடங்கிய இயக்கமுறைமைக் கரு அது. அதற்கு அவர் இட நினைத்திருந்த பெயர் வேறு. ‘பிறீக்ஸ்’ என்று அழைக்கவே எண்ணியிருந்தார். உலகத்தார் எடுத்துக்கொள்ளும்படி கோப்புகளை வைப்பதற்கு ஓரிடம் வேண்டியிருந்தது. ஆரி லெம்கே என்னும் நண்பர், தாம் பராமரித்த வழங்கிக் கணினியிலே இடமளித்தார். அவருக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. எனவே கோப்புறைக்குத் தம் மனம்போல ‘லினக்ஸ்’ எனப் பெயரிட்டுவிட்டார். பெற்றவர் நினைத்த பெயர் போய், தொட்டில் கொடுத்தவர் சூட்டிய பெயரே நிலைத்தது! இடங்கொடுப்பவருக்கு எத்துணை அதிகாரம் தாமாகவே வந்து சேர்கின்றது என்பதற்கு இதனினும் இனிய உதாரணம் எமக்குக் கிடைக்கவில்லை. லெம்கே நல்லவர், பெயரும் நல்லதாய் அமைந்தது. எல்லா வேளையும் அவ்வாறு அமைவதில்லை.

மேலே செல்லுமுன், ‘கோப்புகள்’ என்று நாம் கூறுவது யாதென்பதைச் சிறிது விளக்குதல் நன்று. மென்பொருள் என்பது மனிதர் எழுதும் ஓர் எழுத்து. அதனைப் பலர் பல தேசங்களிலிருந்து திருத்துவர். யார், எப்பொழுது, எதனை, ஏன் மாற்றினார் என்னும் வரலாறு முழுவதும் காக்கப்படல் வேண்டும். ஏட்டுச்சுவடியிலே பாடபேதம் நேர்ந்தபோது மூலம் எதுவெனத் தேடி எமது பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். இவ்வெழுத்தும் வரலாறும் ஒருங்கே இருக்கும் இடத்தையே களஞ்சியம் என்கின்றனர்.

லினக்ஸ் கருவுக்கு முதற் பத்தாண்டுகளும் அத்தகைய வரலாற்றுக் களஞ்சியம் இருக்கவில்லை. திருத்தங்கள் மின்னஞ்சலில் வந்தன. தோர்வால்ட்ஸ் தாமே அவற்றைத் தெரிந்து சேர்த்தார். தொண்டர் தொகை பெருகப் பெருக, அனுப்பிய திருத்தங்கள் கவனிப்பாரின்றித் தவறின. 2002 ஆம் ஆண்டில் அவர் ‘பிற்கீப்பர்’ என்னும் கருவியை ஏற்றார். லரி மக்வோய் என்பவருடைய கம்பனி செய்து விற்ற சரக்கு அது. லினக்ஸ் தொண்டருக்கு விலையின்றிக் கொடுத்தார்கள். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இலவசமாகப் பெறுபவர் அதற்குப் போட்டியான கருவி எதனையும் ஆக்குதல் ஆகாது.

தொண்டர் பலர் முகஞ்சுளித்தனர். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தை நிறுவிய ரிச்சர்ட் ஸ்ரோல்மன் வெளிப்படையாகவே கண்டித்தார். தோர்வால்ட்ஸோ, உள்ள கருவிகளுட் சிறந்தது இதுவே, வேலை நடக்கட்டும் என்னும் மனப்பாங்கினர். மூன்று ஆண்டுகள் வேலை நன்றாகவே நடந்தது. இதனையும் நாம் ஒளிக்காது கூறவேண்டும். கொள்கை பேசியோர் காட்டிய அச்சம் முதல் நாளே பலிக்கவில்லை. 2005 ஆம் ஆண்டிலேதான் பலித்தது.

அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த அன்ட்றூ றிட்ஜெல் என்னும் வல்லுநர், பிற்கீப்பர் வழங்கியோடு உரையாடக்கூடிய வேறொரு கருவியை ஆக்க முற்பட்டார். அவர் செய்த ‘குற்றம்’ யாதென்பதைப் பின்னர் ஒரு மாநாட்டு மேடையிலேயே செய்து காட்டினார். வழங்கியுடன் தொடர்புகொண்டு, ‘உதவி’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லைத் தட்டெழுதினார். அது தான் அறிந்த கட்டளைகளையெல்லாம் தானே வரிசையாகக் கூறிற்று! சபையோர் நகைத்தனர். கம்பனி நகைக்கவில்லை. அவ்வாண்டு ஏப்பிரிலில் இலவச உரிமம் நிறுத்தப்படுமென்னும் அறிவித்தல் வெளியாயிற்று. ஆயிரக்கணக்கானோர் உழைக்கும் ஒரு பெருந்தொண்டின் களஞ்சியக் கதவு, ஒருவருடைய கோபத்தினாலோ நியாயத்தினாலோ, எவ்வாறு கூறினும், வெளியிலிருந்து அடைக்கப்பட்டது.

தோர்வால்ட்ஸ் றிட்ஜெல்லைக் கடிந்துகொண்டார். கடிந்துகொண்டே தமது வேலையையும் தொடங்கினார். ஏப்பிரில் 3 ஆந் திகதி எழுதத் தொடங்கிய ‘கிற்’ என்னும் புதிய கருவி, 7 ஆந் திகதி தன்னுடைய வரலாற்றைத் தானே காக்கும் நிலையை அடைந்தது. யூன் மாதத்தில் லினக்ஸ் கருவின் 2.6.12 ஆம் பதிப்பு அக்கருவியைக் கொண்டே வெளியிடப்பட்டது. யூலையில் அதன் பராமரிப்பை யுனியோ ஹமானோ என்பவரிடம் ஒப்படைத்துவிட்டுத் தமது பழைய தொழிலுக்குத் திரும்பிவிட்டார். கிற் இன்று உலகெங்கும் பரந்துள்ளது. பிற்கீப்பரின் மூலநிரலை அதன் உரிமையாளரே 2016 இல் எல்லார்க்கும் திறந்துவிட்டனர். பதினொரு ஆண்டு பிந்திவிட்டது.

கிற் கருவியின் அமைப்பிலே அவ்வனுபவத்தின் தழும்பு தெரிகின்றது. இதில் தலைமைக் களஞ்சியம் என்று ஒன்று இருந்தே ஆகவேண்டுமென்பதில்லை. படியெடுப்பவர் ஒவ்வொருவரும் தொடக்கம் முதலுள்ள வரலாறு அனைத்தையும் தம் கணினியிலே பெற்றுக்கொள்வர். அன்றியும், ஒவ்வொரு நிலைக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்டெடுத்த நாற்பது இலக்க அடையாளக்குறி ஒன்று உண்டு. எங்கேனும் ஓர் எழுத்தை எவரேனும் களவாக மாற்றின், குறியும் மாறி, பிற படிகளோடு ஒவ்வாது நின்று காட்டிக்கொடுக்கும்.

இது வெறும் ஏட்டளவிலான பெருமையன்று. 2011 ஆம் ஆண்டு ஓகஸ்டில், லினக்ஸ் கருவின் தலைமை வழங்கிகளிலே கள்ளர் புகுந்திருந்தமை கண்டுபிடிக்கப்பட்டது. அத்தளம் வாரக்கணக்கில் மூடப்பட்டுக் கிடந்தது. தோர்வால்ட்ஸ் தம்மிடமிருந்த படியைத் தற்காலிகமாக ‘கிற்ஹப்’ என்னும் தளத்திலே வைத்து, செப்டெம்பரில் அங்கிருந்தே அடுத்த சோதனைப் பதிப்பை வெளியிட்டார். ஆயிரம் வீடுகளிலே விதைநெல் இருக்கும்போது ஒரு களஞ்சியம் கொள்ளைபோனால் ஊர் பட்டினி கிடப்பதில்லை.

ஆயின் படி இருந்துவிட்டாற் போதுமா? போதாது என்பதைக் கே.டி.ஈ. தொண்டர்கள் 2013 ஆம் ஆண்டு மார்ச்சில் அறிந்தனர். கணினித் திரைக்குரிய செயலிகளைத் தொண்டாக ஆக்கும் ஐரோப்பிய முயற்சி அது; ஏறத்தாழ 1,500 களஞ்சியங்கள் அவர்களிடம் இருந்தன. தலைமை வழங்கியை ஒரு வழக்கமான பராமரிப்புக்காக நிறுத்தி மீள இயக்கியபோது, உள்ளே கோப்புகள் பழுதடைந்திருப்பதைக் கண்டனர். கண்டவர்கள் பிற நாடுகளிலிருந்த துணை வழங்கிகளை நாடினர். அங்கும் வெறுமையே! அத்துணை வழங்கிகள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தலைமையைப் பார்த்து அவ்வாறே தம்மை மாற்றிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தன. தலைமையில் அழிவு நேர்ந்ததும், விசுவாசமான ஊழியர்போல அவ்வழிவையும் அப்படியே படியெடுத்துவிட்டன. இன்னும் அதனைப் படியெடுக்காதிருந்த ஒரேயொரு வழங்கி எஞ்சியிருந்தது. அதிலிருந்து யாவும் மீண்டன. பின்னாளில் அவர்கள் ஒழுங்குகளையெல்லாம் மாற்றியமைத்தனர். நிழல் வேறு, காப்புப் பிரதி வேறு. உரு விழுந்தால் நிழலும் கூட விழும்.

இதனை வாசித்த இரவு எமக்கு உறக்கம் வரவில்லை. யாழ்ப்பாணத்திலே பிறந்தவர்களுக்கு ஓரிடத்தில் மாத்திரம் இருந்த ஏடுகளைப் பற்றி எவரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1981 ஆம் ஆண்டு எமது பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் அவற்றுள் அடங்கும். நாம் அப்போது நினைவறியாக் குழந்தை. எமது தந்தையார் அதனைக் கூறும்போதெல்லாம், எரிந்த நூல்களை விட, ஒருவரும் பிரதி எடுத்து வைக்காத நூல்களுக்காகவே கூடுதலாக வருந்துவார்.

நிற்க. இடங்கொடுக்கும் கம்பனிகளின் வரலாற்றையும் பார்ப்போம். 1999 ஆம் ஆண்டிலே தொடங்கிய ‘சோர்ஸ்போர்ஜ்’ என்னும் தளம், தொண்டர்களுக்கு விலையின்றிக் களஞ்சியம் அளித்துப் பேர் பெற்றது. தொண்டு மென்பொருள் வேண்டுவோர் யாவரும் ஒரு காலத்தில் அவ்வாசலிலேயே நின்றனர். காலஞ் செல்ல வருவாய் தேய்ந்தது. 2013 இல், பதிவிறக்குவோருக்கு வேண்டாத விளம்பரச் சரக்குகளையும் சேர்த்துக் கட்டிக் கொடுக்கும் வழக்கம் தலைகாட்டிற்று. படங்களைத் திருத்தும் ‘கிம்ப்’ என்னும் மென்பொருளின் தொண்டர் அவ்வாண்டே வெளியேறினர். அவர்கள் விட்டுச்சென்ற கணக்கைத் தளத்தார் 2015 இல் தாமே கையேற்று, அவர்களுடைய பெயரிலேயே அத்தகைய சரக்கைப் பரிமாறியமை பெருங் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. மறு ஆண்டு உரிமையாளர் மாறினர், வழக்கமும் நிறுத்தப்பட்டது. கூகிள் கம்பனி 2006 இல் தொடங்கிய களஞ்சியத் தளமோ பத்தாண்டு நிரம்புமுன் 2016 சனவரியில் மூடப்பட்டது. ஆனால் ஏறத்தாழ பத்து மாதங்களுக்கு முன்னரே அறிவித்து, இடம்பெயர வழியுங் காட்டிய பின்னரே மூடினர் என்பதை நாம் கூறாதுவிடின் அது நீதியாகாது.

இன்று பெரிய வாசல் கிற்ஹப். 2008 இல் திறக்கப்பட்டு, 2018 இல் 750 கோடி டொலர் பெறுமதிக்கு மைக்ரோசொப்ற் கம்பனியின் கைக்கு மாறியது. தொண்டு செய்ய விரும்பும் இளைஞருட் பெரும்பாலார்க்கு அங்கே ஏற்கெனவே கணக்கு உண்டு. புதியவர் வந்து சேர்வதற்குத் தடையில்லை. இவ்வனுகூலத்தை இலேசாக எண்ணுவதற்கில்லை. ஆயினும் 2019 யூலையில், ஐக்கிய அமெரிக்காவின் பொருளாதாரத் தடைச் சட்டங்களை முன்னிட்டு, ஈரான், சிரியா, கிரைமியா முதலிய இடங்களில் வாழ்வோரின் கணக்குகள் பலவற்றுக்கு அத்தளம் கட்டுப்பாடு விதித்தது. அவ்விளைஞர் செய்த பிழை யாதொன்றுமில்லை. பிறந்த ஊரே பிழை. 2021 இல் அமெரிக்க அரசின் அனுமதி பெற்று ஈரானியர்க்குக் கதவு மீளத் திறக்கப்பட்டது. களஞ்சியம் எத்தேசத்தில் இருக்கின்றதோ அத்தேசத்துச் சட்டமே அதன் காவற்காரன்.

அப்படியாயின் சொந்தமாக ஒரு வழங்கியை வைத்துக்கொண்டால் என்ன? டெபியன், க்னோம் என்னும் முயற்சிகள் 2018 இலும், நாம் மேலே கூறிய கே.டி.ஈ. 2020 இலும் அவ்வாறே செய்தன. கிற்லாப் என்னும் மென்பொருளைத் தமது சொந்தக் கணினிகளில் நிறுவிக்கொண்டனர். அவர்களுக்கு ஆள் உண்டு. பணமும் ஓரளவு உண்டு. எமது இளையவனும் இதனையே விரும்பினான். கல்லூரி ஆய்வுகூடத்துப் பழைய கணினியொன்றே போதுமென்பது அவன் வாதம். 2022 ஆம் ஆண்டிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரமின்றி நாம் இருந்ததை அவனுக்கு நினைவூட்டினோம். அவன் மெளனியானான்.

மாணவி கூறிய இடம் வேறு. பேர்ளின் நகரில் பதிவு செய்யப்பட்ட, இலாபநோக்கற்ற சங்கமொன்று நடத்தும் ‘கோட்பேர்க்’ தளம் 2019 இல் தொடங்கியது. அங்கத்தவர் சந்தாவிலும் நன்கொடையிலும் இயங்குவது. கம்பனியாயின் விற்கப்படலாம், சங்கம் அவ்வாறு எளிதில் விலைபோகாது என்பது அவளுடைய நியாயம். நல்ல நியாயமே. ஆனால் சங்கங்களும் பணமின்றி வாடுவதுண்டு என்பதைச் சனசமூக நிலையம் நடத்திய எவரும் அறிவர்.

உண்மையில், கோப்புகளைத் தூக்கிச் செல்வது இக்காலத்திற் பெருங் கடினமன்று. கிற் அதனை எளிதாக்கிவிட்டது. அசையாது ஒட்டிக்கொள்வது வேறொன்று. அது, கோப்புகளைச் சுற்றி நடக்கும் பேச்சு. இச்சொல் ஏன் சேர்க்கப்பட்டது, இப்பிழை எவரால் அறிவிக்கப்பட்டது, எதனைக் கருதி மறுக்கப்பட்டது என்பனவெல்லாம் தளத்துக்குச் சொந்தமான தரவுத்தளத்திலேயே தங்குகின்றன. பைதன் மொழியை வளர்ப்போர் தமது நிரலை 2017 பெப்ரவரியிலே கிற்ஹப்புக்கு மாற்றினர். பிழை முறைப்பாடுகளைக் கொண்டுசெல்ல 2022 ஏப்பிரில் ஆயிற்று. ஐந்து ஆண்டுகள்! 2017 சனவரி இறுதியில் கிற்லாப் கம்பனியின் ஊழியர் ஒருவர் இரவு வேளையில் வழங்கி மாறித் தரவுகளை அழித்துவிட்டார். வைத்திருந்த காப்பு முறைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டன. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்னர் எடுத்த ஒரு பிரதி காப்பாற்றியது. அவ்வாறு மணி நேரத்தில் தொலைந்தவை களஞ்சியங்கள் அல்ல, பேச்சுகளும் முறைப்பாடுகளுமே. அக்கம்பனி தனது மீட்பு வேலையை உலகறிய ஒளிபரப்பிக்கொண்டே செய்தது என்பதையும் குறிப்பிடல் வேண்டும். பிழையை மறைக்காதார் சிலரே.

தவணை முடிந்து மூவரும் வந்தனர். நாம் முதலிற் கேட்டது இடத்தைப் பற்றியன்று. “திறப்பு யார் கையில்?” என்றோம். எமது கோயில் உண்டியலுக்கு மூன்று பூட்டு. மூன்று திறப்பும் மூவரிடம். ஒருவர் வராவிடின் உண்டியல் திறவாது என்பது அவ்வொழுங்கு. இங்கே வேண்டுவது அதற்கு மறுதலை. ஒருவர் இல்லாவிடினும் மற்றவர் திறக்கக்கூடியதாயிருத்தல் வேண்டும். கணக்கு ஒருவனுடைய பெயரில் இராது முயற்சியின் பெயரிலேயே இருக்கவும், அதிகாரம் மூவர்க்கும் சமமாகவும் ஒத்துக்கொண்டனர்.

இடத்தைப் பற்றி எமது அபிப்பிராயத்தையும் கூறினோம். சொல் திருத்த வரவேண்டிய இளைஞர் கூடும் இடம் கிற்ஹப்பாதலின் வாசல் அங்கே இருக்கட்டும். கோட்பேர்க்கில் ஒரு படியும், ஆய்வுகூடக் கணினியில் கிழமைக்கொரு முறை எடுத்துத் திகதியிட்டு அழியாது வைக்கும் இன்னொரு படியும் இருக்கட்டும். முக்கியமான தீர்மானங்களைத் தளத்தின் பேச்சுப் பகுதியிலே விட்டுவிடாது, களஞ்சியத்துக்குள்ளேயே ஒரு கோப்பில் எழுதிவருக. பிரான்சிலே 2016 இல் தோன்றிய ‘சொப்ற்வெயார் ஹெரிற்றேஜ்’ என்னும் ஆவணக்காப்பகம் பொதுக் களஞ்சியங்களைத் திரட்டிக் காப்பதையும், மூடப்பட்ட கூகிள் தளத்திலிருந்து பலவற்றை அது மீட்டு வைத்திருப்பதையும் கூறினோம். மாணவிக்கு முழுத் திருப்தியில்லை. வாசல் பேர்ளினில் இருப்பதே நன்றென்று இறுதிவரை வாதாடினாள். ஒரு வருடத்தின் பின் மீளப் பேசுவதென முடிவாயிற்று.

எழுந்து செல்லும்போது அவளே கேட்டாள்: “மூன்று பேரும் வெளிநாடு போய்விட்டால், சேர்?”

ஒருவரும் பேசவில்லை. மூத்தவனுக்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகமொன்றில் இடம் கிடைத்திருப்பது எமக்குத் தெரியும்.

நான்காவது திறப்பு இப்பொழுது எம்மிடம் இருக்கின்றது. கடவுச்சொல்லையும் மீட்புக் குறிகளையும் தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, கல்லூரி அலுவலக இரும்புப் பெட்டகத்தில் வைப்பதற்கு அதிபர் இசைந்திருக்கின்றார். எமது மேசை இலாச்சியிலிருந்த ககர வரிசையைப் பிள்ளைகள் வாங்கிச் சென்று மீளத் தட்டெழுதினர். களஞ்சியத்தில் ஏறிய முதற் கோப்பு அதுவே.